பழைய பாட்டு... அதே குரல்... புது டேப்!

காலேஜ் பையன்கள் ஒரு கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு முக்கோணம். ஒரு பக்கம் வெள்ளைக்கோடு உள்ளே போகும், மறுபக்கம் வானவில்லாக வெளியே வரும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒருத்தனைப் பார்த்து, "தம்பி பிசிக்ஸா?" என்று கேட்டேன். "இல்ல சார், அக்ரி" என்றான். "அப்ப இது?" என்று சட்டையைக் காட்டினேன். குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டான். "டிசைன் நல்லாருந்துச்சு சார்... வாங்கிட்டேன்."

அந்த டிசைன் ஒரு இசைத்தட்டின் அட்டைப்படம். 'பிங்க் ஃப்ளாய்ட்' என்ற இங்கிலாந்து ராக் கோஷ்டி 1973 மார்ச் மாதம் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவானது. உலகம் பூராவும் நாலு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. நாலு பேர் கோஷ்டி அது. ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன். நம்ம ஊர் மெல்லிசைக் குழு மாதிரிதான். ஒரே வித்தியாசம், பாட்டையும் அவர்களே எழுதி, மெட்டும் போட்டு, சண்டையும் போட்டுக்கொள்வார்கள்.

சண்டை முற்றி 1985-ல் வாட்டர்ஸ் வெளியேறினார். 'நானில்லாமல் அந்தப் பெயரை நீங்கள் எப்படி வைத்துக்கொள்ளலாம்?' என்று கோர்ட் படி ஏறினார். 1987 டிசம்பரில் சமரசம். பெயர் மற்றவர்களுக்குப் போனது. கூட்டு வியாபாரத்தில் பார்ட்னர் விலகினால் கடைப் பெயர் யாருக்கு என்று பி.காம். இரண்டாம் வருஷத்தில் குட்வில் கணக்கு போடச் சொல்வார்களே, அதேதான். பரீட்சையில் அதற்கு விடை இருக்கும். வாழ்க்கையில் பாலன்ஸ் ஷீட் டாலி ஆகாமலே காலம் ஓடிவிட்டது.

இந்தக் கதையில் எனக்குச் சுவாரசியமான இடம் இனிமேல்தான்.

2023 அக்டோபர். வாட்டர்ஸுக்கு வயது 80. மனுஷன் ஸ்டூடியோவுக்குப் போய் அந்த 1973 இசைத்தட்டை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மறுபடி பாடி ரெக்கார்டு செய்து, பெயருக்குப் பின்னால் 'ரீடக்ஸ்' என்று ஒரு வாலை ஒட்டி வெளியிட்டுவிட்டார். பழைய கூட்டாளிகள் யாரும் கிடையாது. ரைட் 2008-லேயே காலமாகிவிட்டார். கில்மோரின் கிட்டார் சோலோக்களைக் காணோம். அந்த சோலோக்களுக்காகவே உயிரை விடும் ரசிகர்கள் உலகத்தில் பல லட்சம். அதற்குப் பதிலாகக் கிழவர் அடிக்குரலில் பேசுகிறார்... பேசுகிறார்... பேசிக்கொண்டே இருக்கிறார்.

ஒரு நாள் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு பழசைக் கேட்டேன். 43 நிமிஷம். ஓ.டி.யில் ஆரம்பித்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, பி.முட்லூர் பக்கம் வரும்போது கரெக்டாக முடிந்தது. திரும்பி வரும்போது புதுசு. புதுச்சத்திரம் வருவதற்குள் பக்கத்து சீட்டுப் பெரியவர் என் தோளில் தூங்கிவிட்டார். அவர் கேட்கவில்லை, கேட்டது நான்தான். எனக்கும் முதலில் கொட்டாவி வந்தது நிஜம்.

ஆனால் முழுசாகக் கேட்டபின் ஒரு மாதிரி இருந்தது. காலம் ஓடுகிறதே என்று புலம்பும் பாட்டு ஒன்று அதில் உண்டு. 29 வயசில் அதைப் போட்டவனுக்கு அது ஒரு பயம், அவ்வளவுதான். 80 வயசில் அதையே பாடுகிறவருக்கு அது நடந்து முடிந்த சங்கதி. மூச்சு வாங்குகிறது, குரல் கீழே இறங்கிவிட்டது. வார்த்தைகள் அதே வார்த்தைகள். இளவட்டக் குரலில் கேட்டபோது ஸ்டைலாக இருந்த இடங்கள், கிழவர் குரலில் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகின்றன. அதற்காகப் புதுசு பழசை ஜெயித்துவிட்டதா என்றால், இல்லவே இல்லை. கிட்டாரைத் தூக்கிவிட்டு அந்த டேப்பைக் கேட்பது சாம்பார் இல்லாமல் பொங்கல் தின்பது போல. தொண்டையில் நிற்கிறது.

கோஷ்டியில் ஒருத்தர் மட்டும் தனியாகப் போய்ப் பழையதைத் திருப்பிச் செய்தால், மற்ற மூன்று பேரும் பாட்டிலிருந்து காணாமல் போகிறார்கள். வரிகள் அத்தனையும் வாட்டர்ஸ் எழுதியவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இசைத்தட்டில் வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் அலறி, கதறி, இறங்கும் ஒரு பாட்டு உண்டு. பாடியவர் கிளேர் டோரி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள். அன்றைக்குக் கொடுத்த சம்பளம் 30 பவுண்டு. மெட்டு அங்கேயே அந்தம்மா வாயிலிருந்து வந்தது. முப்பது வருஷம் கழித்து, 2004-ல் கேஸ் போட்டார். 2005-ல் சமரசமாகி, அந்தப் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் ஏறியது. லீவு நாளில் ஆபீசுக்குக் கூப்பிட்டு வேலை வாங்கிவிட்டு, ஃபைலில் வேறு ஒருத்தர் கையெழுத்துப் போட்ட அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

வாட்டர்ஸ் செய்தது ஈகோவுக்காக. இதையே துட்டுக்காகவும் செய்யலாம் என்று காட்டியவர் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் டேப்புகளை 2019-ல் கம்பெனி வேறு ஆளுக்கு விற்றுவிட்டது. அம்மணி அழவில்லை. 2021-லிருந்து ஒவ்வொன்றாக அதே பாட்டுக்களை அப்படியே மறுபடி பாடி வெளியிட ஆரம்பித்தார். நாலு ஆல்பம் முடித்தார். ரசிகர்கள் பழசை விட்டுப் புதுசை வாங்கினார்கள். கடைசியில் 2025 மே மாதம் பழைய டேப்புகளையே விலைக்கு வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்.

இது எப்படி முடிகிறது? ஒரு பாட்டில் சொத்து இரண்டு. மெட்டும் வரியும் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த டேப் இன்னொன்று. மெட்டு வீட்டு பிளான் மாதிரி. டேப் கட்டி முடித்த வீடு மாதிரி. வீட்டை விற்றுவிட்டாலும் பிளான் கையில் இருந்தால் பக்கத்து மனையில் அதே மாதிரி இன்னொன்று கட்டிவிடலாம். ஆனால் கட்டடம் வருஷா வருஷம் தேய்மானம் ஆகும். பழைய பாட்டு டேப்புக்கு அது கிடையாது. வயசாக ஆக விலை ஏறும் ஒரே அசெட்!

சரி, லண்டனும் அமெரிக்காவும் இருக்கட்டும். நம்ம ஊரில்?

நம்ம ஊரிலும் ஒரு கோஷ்டி இருந்தது. சென்னையில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்த ஒரு தெலுங்குப் பையன் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அதில் கிட்டாரும் ஆர்மோனியமும் வாசிக்க பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் வந்து சேர்ந்தார்கள். பையன் எஸ்.பி.பாலசுப்ரமணியம். வாசித்தவர்கள் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன். அப்புறம் 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. பாலுவும் ராஜாவும் சேர்ந்து போட்ட பாட்டுக்களின் கணக்கை யாராவது எடுக்க ஆரம்பித்தால் அவருக்கு ஒரு வருஷம் லீவு கொடுக்கவேண்டியிருக்கும்.

2017 மார்ச். திரையுலகில் 50 வருஷம் ஆனதைக் கொண்டாட எஸ்.பி.பி. உலகச் சுற்றுப்பயணம் போய்க்கொண்டிருக்கிறார். 2016 ஆகஸ்டில் டொரான்டோவில் ஆரம்பித்து, ரஷ்யா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று சுற்றிவிட்டு அமெரிக்காவில் இருக்கும்போது ஒரு வக்கீல் நோட்டீஸ். என் பாட்டுக்களை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று. அனுப்பியவர் இளையராஜா. எஸ்.பி.பி. ஃபேஸ்புக்கில் விஷயத்தைச் சொன்னார். இப்படி அனுமதி வாங்கவேண்டும் என்று தனக்குத் தெரியாது, சட்டம் என்றால் மதிக்கிறேன், மீதி நிகழ்ச்சிகளில் வேறு இசையமைப்பாளர்களின் பாட்டுக்களைப் பாடுகிறேன் என்று.

அன்றைக்கு டீக்கடைகளில் இரண்டு கட்சி. 'பாடினது அவரு வாய்தானேய்யா?' என்று ஒரு கட்சி. 'அந்த வாய்க்கு மெட்டு எங்கிருந்து வந்துச்சாம்?' என்று இன்னொரு கட்சி. நான் இரண்டு கட்சியிலும் மாறி மாறி இருந்தேன். இப்போது கேட்டால், சட்டப்படி ராஜா பக்கம், மனசுப்படி பாலு பக்கம் என்பேன். இரண்டு பேரும் தோழர்கள் என்பதால் நோட்டீஸுக்கு முன்னால் ஒரு போன் போயிருக்கலாம் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

மேடையில் பாடுவது வேறு, ஸ்டூடியோவில் டேப் போடுவது வேறுதான். ஆனால் அடியில் இருக்கும் கேள்வி ஒன்று: பாடியவனுக்குப் பாட்டில் என்ன பங்கு?

ரொம்ப வருஷம் பூஜ்யம். 1977-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில், சம்பளம் கொடுத்து சினிமாவுக்காகப் போட வைத்த பாட்டுக்குத் தயாரிப்பாளர்தான் முதல் சொந்தக்காரர் என்று சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். இந்திய இசையின் உயிரே பாடுகிறவரிடம் இருக்க, சட்டம் அவரைக் கண்டுகொள்ளவே இல்லையே என்று வருத்தப்பட்டார். வருத்தம் சட்டமாக 17 வருஷம் ஆனது. 1994 திருத்தத்தில்தான் பாடுகிறவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் உரிமை என்று ஒன்று உள்ளே வந்தது. 2012 திருத்தத்தில் ராயல்டி விஷயம் கெட்டியானது. 2013-ல் பாடகர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள்.

அந்த 2012 திருத்தத்தில் 31-சி என்று ஒரு பிரிவு. ஒருத்தர் பாட்டை இன்னொருத்தர் மறுபடி பாடிப் பதிவு செய்வது பற்றியது. முதல் பதிவு வந்த வருஷம் முடிந்து ஐந்து வருஷம் காத்திருக்கவேண்டும். முன்கூட்டியே நோட்டீஸ். வருஷத்துக்குக் குறைந்தது 50,000 காப்பிக்கு ராயல்டி அட்வான்ஸ். மெட்டையும் வரியையும் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. வாட்டர்ஸ் இங்கே பிறந்திருந்தால் இந்த ஒரு ஷரத்திலேயே அவுட்! இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அட்டையில், பழைய பதிவில் பாடியவர் பெயரையோ படத்தையோ போடக்கூடாது என்று இருக்கிறது. டி-சீரிஸ் காலத்தில் லதா, ரஃபி பாட்டுக்களை வேறு ஆள் பாடிக் கேசட் கேசட்டாக விற்றார்களே, அந்த மாதிரி சமாசாரங்களில் ஜனங்கள் ஏமாறக்கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் பழைய பதிவில் பாடியவரே திரும்ப வந்து பாடினால்? எழுத்துக்கு எழுத்து படித்தால் தன் டேப்பில் தன் பெயரையே அவர் போடமுடியாது போலிருக்கிறது! உரிமைக்காரரிடம் நேராகப் பேசி லைசென்ஸ் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. வக்கீல் நண்பர்கள் யாராவது இந்தப் பிரிவைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் விளக்கம் சொன்னால் காபி வாங்கித் தருகிறேன்.

மெட்டுப் போட்டவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1986-ல் 'மௌன ராகம்' படத்துக்காக எஸ்.பி.பி. பாடிய 'மன்றம் வந்த' மெட்டை, 2007-ல் 'சீனி கம்' இந்திப் படத்தின் டைட்டில் பாட்டாக்கினார் ராஜா. பாடியது ஷ்ரேயா கோஷல். கேட்டுப் பாருங்கள். பழைய வீடு, புது பெயின்ட். எனக்குப் பழைய வீடுதான் பிடிக்கும். என் வடநாட்டு நண்பன் பழசைக் கேட்டுவிட்டு, 'அட, தமிழில் காப்பி அடித்திருக்கிறார்களே' என்றான். அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

நோட்டீஸ் கதை எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. 2019 ஜூன் 2, ராஜாவின் பிறந்தநாள் கச்சேரி. பாலு வந்து மேடை ஏறினார். பாடினார். 2020 ஆகஸ்டில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, 'பாலு, சீக்கிரம் எழுந்து வா' என்று ராஜா வீடியோவில் பேசியதைத் தமிழ்நாடே பார்த்தது. செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. போய்விட்டார். அந்தப் பாட்டுக்களை 80 வயசுக் குரலில் அவர் திரும்பப் பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

பாடியவன் வந்தால்தான் பாட்டு என்ற வழக்கு சிதம்பரத்துக்குப் புதுசு இல்லை. ஆயிரம் வருஷப் பழசு. திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை அது. தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலில் ஒரு அறையில் பூட்டிக் கிடக்கின்றன. ராஜராஜன், நம்பியாண்டார் நம்பியைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கிறான். 'பாடிய மூவரும் நேரில் வந்தால் திறக்கிறோம்' என்று பதில். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். ராஜா சளைக்கவில்லை. மூவர் சிலைகளையும் ஊர்வலமாக எடுத்து வந்து வாசலில் நிறுத்தினான். 'இதோ வந்துவிட்டார்கள்!' மாஸ்டர் டேப் ரூம் திறந்தது. உள்ளே பார்த்தால் கரையான். அரித்தது போக மிச்சம் கிடைத்ததுதான் இன்று கையிலிருக்கும் சுமார் 800 பதிகங்கள்.

வரி கிடைத்தது, மெட்டு? பண் என்ன என்று தெரியவில்லை. அதற்குப் போன இடம் எருக்கத்தம்புலியூர். விருத்தாசலம் பக்கத்தில் இன்றைக்கு ராஜேந்திரப்பட்டினம் என்கிறார்களே, எங்கள் கடலூர் மாவட்டம்தான். சம்பந்தருக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வம்சத்துப் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். அவளை வைத்துத்தான் தேவாரத்துக்குப் பண் அடைத்தார்கள் என்கிறது புராணம். பாடியவர்கள் போனபிறகு, கோஷ்டியில் வாத்தியம் வாசித்தவர் வம்சத்திடம் போய் மெட்டை வாங்கி மறுபடி போட்டிருக்கிறார்கள். வாட்டர்ஸ் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் ஒரு போனாவது கில்மோருக்குப் போட்டிருப்பார்.

அப்பர் கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்டு மிதந்து கரையேறிய இடம் என்று சொல்லும் கரையேறவிட்டகுப்பம் கடலூரில்தான் இருக்கிறது. பாதிரிப்புலியூர் கோயில் விழாக்களில் ஓதுவார் பாடி முடித்ததும் வெளியே மெல்லிசைக் கச்சேரி ஆரம்பிக்கும். முன்பெல்லாம் மேடையில் பத்துப் பன்னிரண்டு பேர். டிரிப்பிள் காங்கோ, டிரம்ஸ், இரண்டு கிட்டார், புல்லாங்குழல், மூன்று பாடகர், ஒரு பெண் குரல், மிமிக்ரி. இப்போது ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஒரு லேப்டாப். பாட்டை நீக்கிய டிராக் ஓடும், மேலே பாடவேண்டியதுதான். (கோயில் சடங்கு, கல்யாண வீட்டுக் கொண்டாட்டம் இவற்றில் பாடுவது காப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. இல்லாவிட்டால் ஜில்லா பூரா நோட்டீஸ்தான்.)

ஜனங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: 'ஒரிஜினல் மாதிரியே பாடணும்.' பக்கத்துச் சீர்காழியில் பிறந்து 1988-ல் மறைந்த கோவிந்தராஜனின் பாட்டுக்களை அவர் மகன் டாக்டர் சிவசிதம்பரம் மேடைகளில் பாடுவார். ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அப்பா இறங்கிய இடத்தில் மகனும் இறங்கவேண்டும். ஒரு சங்கதி மாறினாலும் கண் திறந்துவிடும்.

சென்ற திருவிழாவில் மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த கீபோர்டு அண்ணனைப் பிடித்தேன். ஐம்பது தாண்டியவர். "ஏண்ணே, நீங்க சொந்தமா பாட்டு ரெக்கார்டு பண்ணதுண்டா?"

"ஒரே ஒரு கேசட்டு தம்பி. அம்மன் பாட்டு. ஆறு பேரு காசு போட்டு மெட்ராஸ் போயி ரெண்டு நாள்ல முடிச்சோம். ஆயிரம் பீஸ் அடிச்சோம். அப்புறம் ட்ரூப்பே கலைஞ்சிடுச்சு."

"இப்ப அந்தக் கேசட்டு இருக்கா?"

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. பூஞ்சை புடிச்சுப் போச்சு. பாடுனவன் துபாய்ல இருக்கான். போன வருஷம் போன் பண்ணான். எல்லாத்தையும் திரும்பப் பாடி யூடியூப்ல போடலாம்டா, நீ கீபோர்டு டிராக் மட்டும் வாசிச்சு வாட்ஸப்புல அனுப்புன்னான்."

"நல்ல விஷயமாச்சேண்ணே! அனுப்பிட்டீங்களா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "காங்கோ வாசிச்சவன் தவறிட்டான் தம்பி. அவன் இடத்துக்குப் பேடு வெச்சுக்கலாம்ங்கறான் இவன். மூணாவது பாட்டுல சரணத்துக்கு முன்னாடி அவன் ஒரு உருட்டு உருட்டுவான் பாரு... பேடுல எத்தினியோ தடவை தட்டிப் பாத்துட்டேன். வரல."

"அப்ப வேணாம்னு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. அவன் பையன் பண்ருட்டில இருக்கான், அவனும் வாசிப்பானாம். ஒருவாட்டி போயி கேக்கணும்."

அதற்குள் மேடையிலிருந்து குரல் வந்தது. அடுத்தது டூயட். எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியேறினார்.